வாடகை மெஷினில் வரும் அடுத்த வீட்டுச் சர்க்கரை

மகளுக்குத் தை மாதம் காதணி விழா வைத்திருக்கும் அலுவலக நண்பர் ஒருவர், "அண்ணா, நீங்கள்தான் விசேஷத்துக்கு விசேஷம் பஞ்சு மிட்டாய் மெஷின், பாப்கார்ன் மெஷின் என்று வாடகைக்கு எடுக்கிறீர்கள். எடுக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். தாராளமாக எடுங்கள் என்றும் சொல்ல வந்தது, கிட்டவே போகாதீர்கள் என்றும் சொல்ல வந்தது. இரண்டுமே உண்மை என்பதால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழா, பிள்ளைகளின் பிறந்தநாள், தங்கையின் வளைகாப்பு, மைத்துனரின் திருமண வரவேற்பு என்று பல வருடங்களாக ஒரே கடையில்தான் எடுத்துவருகிறேன். தாம்பரம் பக்கத்துக் கடை. பெயர் வேண்டாம். பெயரைச் சொல்லித் திட்டும் அளவுக்குக் கோபமும் இல்லை, சொல்லி விளம்பரம் செய்யும் அளவுக்குப் பிரியமும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். வாடகை நியாயம். மெஷின், சர்க்கரை, குச்சி, இயக்குவதற்கு ஒரு பையன், எல்லாம் சேர்த்து ஒரு கவுன்ட்டருக்குக் கடைசியாக நான் கொடுத்தது 3,500 ரூபாய். நேரம் தவறியதே இல்லை. ஆறு மணி என்றால் ஐந்தரைக்கே குட்டியானை வண்டி மண்டப வாசலில் நிற்கும். வருகிற பையன்கள் மரியாதையானவர்கள். பிள்ளைகள் எத்தனை பேர் மேலே விழுந்து இழுத்தாலும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. இதைவிட என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

கழுவின மெஷின் வேண்டும்.

இத்தனை வருடங்களில் ஒரே ஒரு முறை தவிர, பஞ்சு மிட்டாய் மெஷின் சுத்தமாக வந்ததாக எனக்கு நினைவில்லை. வெளியே பார்த்தால் தெரியாது. தொட்டியை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்து, முன்பக்கத்து ஸ்டிக்கரைத் துடைத்துப் பளிச்சென்றுதான் கொண்டுவருவார்கள். சுவிட்சைப் போட்டதும்தான் விஷயம் வெளியே வரும். நடுவில் சுழலும் தலைப்பகுதியிலிருந்து முதலில் மெல்லிய புகை, பிறகு கருகிய சர்க்கரையின் கசப்பு வாடை, பிறகு வெள்ளை இழைகளுக்கு நடுவே காப்பித்தூள் நிறத்தில் புள்ளிகள். அந்தக் கருகல் நம் வீட்டுச் சர்க்கரையுடையது அல்ல. காலையிலோ முந்தின நாள் இரவோ வேறு யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்தில் போட்டு மிஞ்சியது. எச்சில் இலையை எடுக்காமல் அதன் மேலேயே நமக்குப் பரிமாறுவது போன்ற காரியம் இது.

"முதல் இரண்டு குச்சி அப்படித்தான் வரும் சார், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்பான் பையன். சரியாகத்தான் ஆகும், மறுக்கவில்லை. ஆனால் விசேஷ வீட்டில் அந்த முதல் இரண்டு குச்சியை வாங்க நிற்பது யார்? பிறந்தநாள் கொண்டாடுகிற குழந்தையும் அதன் ஒட்டிப் பிறந்த சிநேகிதியும்தான். புகைப்படக்காரரும் சரியாக அதே நேரத்தில் வந்து நிற்பார். எங்கள் வீட்டு ஆல்பத்தில் பெரியவளின் கையில் இருக்கும் பஞ்சு மிட்டாயைப் பார்த்தால் அம்மை போட்டதுபோல் இருக்கும்.

இது தவிர்க்க முடியாத குறையாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இல்லை. இந்த மெஷின் ஒன்றும் பெரிய மர்மம் அல்ல. நடுவில் ஒரு கிண்ணம், அதைச் சுற்றி நாடா போன்ற சூடேற்றும் கம்பி, கீழே ஒரு மோட்டார். தலைப்பகுதி நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. சர்க்கரை கம்பியில் பட்டு உருகி, இடுக்குகள் வழியே வெளியே வீசப்பட்டு, காற்றில் நொடியில் இறுகி இழையாகிறது. விசேஷம் முடியும்போது அந்தக் கம்பியில் கொஞ்சம் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே விட்டால் பாறையாகிவிடும், அடுத்த முறை சூடேறும்போது கருகும். போக்குவதற்கு வழியும் எளிது. கடைசிக் குச்சி சுற்றி முடித்த பிறகு சர்க்கரை போடாமல், முழுச் சூட்டில் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். புகை வந்து, குறைந்து, நின்றுவிடும். தலைப்பகுதிக்குள் தண்ணீர் ஊற்றக்கூடாது. வெளித் தொட்டிக்குச் சோப்புகூட வேண்டாம், சுடுதண்ணீரே போதும், சர்க்கரைதானே, கரைந்துவிடும். மொத்த வேலையும் கால்மணி நேரம் பிடிக்காது.

என் எரிச்சல் உச்சத்துக்குப் போகும் இடம் இனிமேல்தான் வருகிறது. 2,000 ரூபாய் டெபாசிட் வாங்குகிறார்கள். மெஷின் திரும்பிப் போனதும் அதில் 300 ரூபாயைச் சுத்தம் செய்யும் செலவு என்று பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள். ஒவ்வொரு முறையும் பிடிக்கிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் கொடுக்கிறேன். எனக்கு முன்னால் எடுத்தவரும் கொடுத்திருப்பார்தானே? அப்படியானால் அவர் கொடுத்த 300 ரூபாய்க்குச் சுத்தமாகி வரவேண்டிய மெஷின் எனக்குக் கருகலோடு ஏன் வருகிறது? நான் கொடுத்த பணத்தில் சுத்தமான மெஷின் இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனது? முகவரி கிடைத்தால் ஒரு நடை போய் அவர்கள் வீட்டுப் பஞ்சு மிட்டாயைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வருவேன். இதைக் கடைக்காரரிடமே கேட்டேன். சிரித்தார். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் சார் என்றார். அடுத்த முறையும் 300 ரூபாய் போனது, புகையும் வந்தது.

அந்த ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். சின்னவனின் பிறந்தநாள் ஆடியில் வருகிறது. அதற்கு வந்த மெஷின் அப்படியே கண்ணாடி. புகை இல்லை, வாடை இல்லை, முதல் குச்சியே மேகத்தைப் பிய்த்ததுபோல் வெள்ளை வெளேர் என்று வந்தது. காரணம் புரிய எனக்கு வெகு நேரம் ஆகவில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, மெஷின் சும்மா கிடந்திருக்கிறது, பையன்களுக்கு உட்கார்ந்து கழுவ நேரம் கிடைத்திருக்கிறது. ஆவணி பிறந்துவிட்டால் கதை வேறு. வளர்பிறை முகூர்த்த நாளில் ஒரே மெஷின் காலையில் பல்லாவரத்தில் ஒரு கல்யாணம், மாலையில் மேடவாக்கத்தில் ஒரு வரவேற்பு என்று ஓடுகிறது. இரவு பத்து மணிக்கு மண்டபக்காரர் விளக்கை அணைத்துக்கொண்டு வரும்போது, 'அண்ணே, இன்னும் ஐந்து நிமிடம் மெஷினைச் சும்மா ஓடவிட வேண்டும்' என்று எந்தப் பையன் சொல்வான்? சூடு ஆறுவதற்குள் வண்டியில் ஏற்றுகிறார்கள். தப்பு பையனிடம் இல்லை. மூன்று மெஷினை வைத்துக்கொண்டு ஐந்து இடத்துக்கு முன்பணம் வாங்குகிற முதலாளியிடம் இருக்கிறது. மார்கழியிலும் கல்யாணம் இல்லையே என்று கேட்பீர்கள். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் அங்கே வந்து நிற்கின்றன. ஆக ஆடிதான் ஒரே நம்பிக்கை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது நினைவிருக்கும். சோதித்த மாதிரிகளில் ரோடமின் பி என்ற சாயம் இருந்தது. துணிக்குப் போடுகிற சாயம் அது, உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது. அதற்குப் பிறகு எங்கள் கடைக்காரர் நிறமே போடாத வெள்ளைக்கு மாறிவிட்டார். ரோஸ் நிறம் இல்லையா என்று பிள்ளைகள் சிணுங்கினார்கள், இப்போது பழகிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளையில் ஒரு உபகாரமும் உண்டு: கருகல் புள்ளி ஒன்றுகூட ஒளிந்துகொள்ள முடியாது. ரோஸ் நிறம் போட்ட காலத்தில் எத்தனை புள்ளிகளைச் சாப்பிட்டோமோ.

பாப்கார்ன் மெஷின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏறக்குறைய ஒரு குறையும் இல்லை. அதன் சட்டியிலும் முந்தின விசேஷத்து எண்ணெய்க் கறை இருக்கத்தான் செய்யும், ஆனால் புது எண்ணெயும் சோளமும் சூடேறியதும் அந்த வாசனை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். நாங்கள் எடுப்பது எட்டு அவுன்ஸ் சட்டி, ஒரு தடவைக்குக் கால்கிலோவுக்குச் சற்றுக் குறைவான சோளம் பிடிக்கும். மூன்று நிமிடத்தில் ஒரு சட்டி என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் நூற்றைம்பது சின்னக் கப் நிரப்பிவிடலாம். பஞ்சு மிட்டாயில் அது நடக்காது. குச்சிக்கு முக்கால் நிமிடம் என்றாலும் நூறு பிள்ளைகளுக்கு ஒன்றேகால் மணி நேரம். பந்தி ஒரு பக்கம் காத்திருக்க, வரிசையை விட்டு நகர மாட்டோம் என்று பிள்ளைகள் அழ, தாய்மார்கள் நம்மை முறைக்க, ஒரே களேபரம்.

பாப்கார்னில் நான் எதிர்பாராத சந்தோஷம் பெரியவர்கள்தான். பிள்ளைகளுக்காக வைத்த கவுன்ட்டரில் தாத்தாக்கள் இரண்டாவது கப்புக்கு வந்து நிற்பார்கள். சோளமணிக்குள் இருக்கும் சிறிதளவு ஈரம் நீராவியாகி, சுமார் 180 டிகிரி செல்சியஸில் தோலைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சடசடப்பை நின்று கேட்காமல் தாண்டிப் போகிறவரை நான் கண்டதில்லை. ஒரே எச்சரிக்கை: சோளத்தை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், முத்திரை பிரிக்காத பாக்கெட்டாக. கடைக்காரர் திறந்து வைத்திருக்கும் மூட்டைச் சோளத்தில் ஈரம் போயிருந்தால் பாதி வெடிக்காது, கப்பின் அடியில் கல்லாகக் கிடக்கும். தாத்தாக்களின் பல்லுக்கு ஆகாது.

மின்சாரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மெஷினும் ஆளுக்கு ஆயிரம் வாட்டைத் தாண்டி இழுப்பவை. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் டிரிப் ஆகும், ஆகாவிட்டால் வயர் சூடாகும், அது இன்னும் மோசம். மண்டபத்தில் 16 ஆம்பியர் பிளக் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் சமையல்கட்டில் கிரைண்டர் பக்கத்தில்தான் இருக்கும். கடற்கரைப் பக்கத்து மண்டபமாகவோ மழை நாளாகவோ இருந்தால் பஞ்சு மிட்டாய் சில நிமிடங்களிலேயே ஈரத்தை உறிஞ்சிச் சுருங்கிவிடும். உடனே கவரில் போட்டு வாயைக் கட்டச் சொல்லுங்கள்.

சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்களேன் என்று மனைவி சொல்கிறாள். விசாரித்தேன். தொழில்முறை மெஷின் நாலைந்து வாடகையின் விலைக்குள் அடங்கவில்லை, எங்கள் பரணிலும் அடங்காது. தவிர, பிள்ளைகள் வளர்கிறார்கள். பஞ்சு மிட்டாய்க்கு வரிசையில் நிற்கிற வயது இன்னும் எத்தனை நாளைக்கு? ஒரு குச்சிக்குப் போகிற சர்க்கரை இருபது கிராம் அளவுதான், ஒரு ரூபாய்கூட ஆகாது. அந்த ஒரு ரூபாய்ச் சர்க்கரையை வைத்து நூறு பிள்ளைகளை ஒன்றேகால் மணி நேரம் கட்டிப்போடுகிற பொருள் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மெஷினை உருவாக்கியவர்களில் ஒருவர் பல் மருத்துவர். 1897-இல், அமெரிக்காவின் நாஷ்வில் நகரில். 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பெட்டி 25 சென்ட் வீதம் 68,655 பெட்டிகள் விற்றிருக்கிறார்கள். பல் மருத்துவர் கெட்டிக்காரர், இரண்டு பக்கமும் வரும்படி.

ஆகவே நண்பரே, உங்கள் கேள்விக்கு என் பதில்: பஞ்சு மிட்டாய் மெஷின் எடுக்காதீர்கள். தையில் முகூர்த்த நாளில் விழா வைத்திருக்கிறீர்கள், வேறு யார் வீட்டுக் கருகலோ உங்கள் மகளின் கைக்குத்தான் வரும். பாப்கார்ன் மட்டும் எடுங்கள், மண்டபமே மணக்கும். மகள் பஞ்சு மிட்டாய்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், விருந்தினர் வருவதற்கு அரைமணி முன்பே மெஷினை வரவழைத்து, சர்க்கரை போடாமல் வாசலில் வைத்து ஓடவிடச் சொல்லுங்கள். புகை நின்ற பிறகு உள்ளே ஏற்றுங்கள். சர்க்கரை பெரிய பரலாக இருக்கட்டும். பொடி சர்க்கரை உருகுவதற்கு முன்பே வெளியே பறந்துவிடும்.

கடையின் எண்ணை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்கு அதே கடையில் இரண்டு மெஷினுக்கும் போன வாரமே முன்பணம் கொடுத்தாயிற்று. டெபாசிட்டில் 300 ரூபாய் பிடிக்கக்கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். 250 என்றார், சரி என்று வந்துவிட்டேன்.