மொறிஸ் மைனருக்கு வாங்கிய 12 வோல்ற் கண்ணாடி கழுவும் பம்பி: எட்டு மாதப் பாவனையின் பின்

சோளகக் காற்று வீசும் மாதங்களில் யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு, காரின் முன்கண்ணாடியில் கடல்நீர் மெல்லிய படலமாகப் படிந்து அதன்மேல் புழுதியும் ஒட்டிக்கொள்வது பழகிப்போன தொல்லைதான். அந்த நிலையில் தண்ணீர் இல்லாமல் வைப்பரை ஓட்டினால் படலம் போகாது. உப்பும் மணலும் வைப்பர் இறப்பருக்கு அடியில் அகப்பட்டுக் கண்ணாடியைக் கீறிவிடும். என்னிடமுள்ள கார் 1964ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் 1000. அதன் வளைந்த முன்கண்ணாடிக்கு மாற்று வேண்டுமென்றால் மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். ஆகவே கண்ணாடி கழுவும் ஏற்பாடு இந்தக் காரில் எனக்கு அலங்காரப் பொருளாக ஒருபோதும் தோன்றியதில்லை.

காரில் முன்பு இருந்தது கையால் இயக்கும் பம்பி. டாஷ்போட்டிலுள்ள குமிழை உள்ளே தள்ளும்போது ஓர் இறப்பர் சவ்வு அமுங்கித் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளும். கையை எடுத்தால் வில் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். மின்சாரமே தேவைப்படாத, நேர்மையான பொறிமுறை அது. ஆனால் அந்தச் சவ்வு காய்ந்து வெடித்துவிட்டது. அதற்கு ஒத்த பம்பி இங்கிலாந்திலிருந்துதான் வரவேண்டும் என்ற நிலையில், நகரிலுள்ள ஓர் உதிரிப்பாகக் கடையில் 'எல்லா வாகனங்களுக்கும் பொருந்தும்' என்று அச்சிட்ட பெட்டியொன்றை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த மதிப்பீடு அந்தப் பெட்டியைப் பற்றியது. அதில் தயாரிப்பாளரின் பெயர் எதுவும் இல்லை.

பெட்டிக்குள் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் கொள்ளும் பிளாஸ்டிக் போத்தல், அதன் அடியில் இறப்பர் வளையத்துக்குள் செருகும் சிறிய மின்பம்பி, இரண்டு மீற்றர் குழாய், இரண்டு பிளாஸ்டிக் பீச்சுமுனைகள், ஓர் அழுத்து சுவிச், சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள் ஆகியவை இருந்தன. பம்பியைப் போத்தலின் அடியில் வைத்திருப்பது சரியான அமைப்பு. இவ்வகைப் பம்பி தானாகத் தண்ணீரை உறிஞ்சி மேலே எடுக்காது. தண்ணீர் தானாகவே அதற்குள் இறங்கி நிற்க வேண்டும். பிளாஸ்டிக்கின் தரம் நடுத்தரம். சுவிச்சின் தரம் அதிலும் குறைவு.

பொருத்திய அன்று சுவிச்சை அழுத்தினேன். மோட்டர் நன்றாகவே இரைந்தது, ஆனால் தண்ணீர் கண்ணாடியை எட்டாமல் பொனற்றின் மேலேயே வழிந்தது. மோட்டர் சுற்றுகிறது, ஆகவே மின்சாரத்தில் பிழையில்லை என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் தண்ணீர் போகும் பாதையிலேயே பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். போத்தலின் அடியிலுள்ள வலையைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. குழாய் எங்கேயாவது மடிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், மடியவில்லை. பீச்சுமுனைகளைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் சோதித்தபோதும் தண்ணீர் வேகமின்றியே வந்தது. பம்பியே பழுது என்று கடைக்குக் கொண்டுபோனேன். மின்பொருள் திருப்பி எடுக்கப்படாது என்றார்கள்.

விடையைச் சொன்னவர், மைனர்களையும் ஒஸ்ரின்களையும் ஐம்பது ஆண்டுகளாகத் திருத்திவரும் முதிய மெக்கானிக் ஒருவர். பொனற்றைத் திறந்து பற்றறியை ஒருமுறை பார்த்துவிட்டு, "தம்பி, நீங்கள் தண்ணி போற பாதையை மட்டும் பாத்துக்கொண்டு நிக்கிறியள். இந்தக் காருக்கு உடம்பு பொசிற்றிவ் எல்லோ? சிவப்பு வயரை உடம்பிலை குடுத்துப் பாருங்கோ" என்றார். வயர்களை மாற்றிக் கொடுத்ததும் தண்ணீர் கண்ணாடியின் மேல் விளிம்பு வரை பாய்ந்தது.

இதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இன்றைய கார்களில் பற்றறியின் எதிர்முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். மைனரிலோ நேர்முனை உடலோடு இணைந்திருக்கும்; பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவை 1960களின் பிற்பகுதியில்தான் இதிலிருந்து மாறின. மைனரோடு வந்த மின்கருவிகள் பலவற்றுக்கு முனை மாறுவது பொருட்டல்ல. எஸ்.யூ. எரிபொருள் பம்பி மின்காந்தத்தால் துடிப்பது, முனை எதுவானாலும் துடிக்கும். பழைய லூக்காஸ் வைப்பர் மோட்டரில் காந்தமும் கம்பிச்சுருளால் ஆனது என்பதால் முனைகளை மாற்றினாலும் அதே திசையிலேயே சுற்றும். ஆனால் இன்றைய சிறிய கழுவும் பம்பிக்குள் இருப்பது நிலைக்காந்த மோட்டர். முனை மாறினால் அது எதிர்த்திசையில் சுற்றும். உள்ளேயுள்ள சுழல்சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினாலும் தண்ணீர் அதே வாயால்தான் வெளியேறும், அழுத்தம் மட்டும் விழுந்துவிடும். அதனால்தான் இது 'அரைகுறையாக வேலை செய்யும்' பிழையாகத் தோன்றி ஆளை ஏமாற்றுகிறது. முற்றாக நின்றுபோயிருந்தால் முதல் நாளே வயர்களைப் பார்த்திருப்பேன். பெட்டியோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எல்லா வாகனங்களுக்கும் பொருந்தும் என்று எழுதிய பெட்டியில் அந்த ஒரு வரி இல்லாததை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

பம்பியின் உடல் முழுவதும் பிளாஸ்டிக் என்பதால் வயர்களை மாற்றிக் கொடுப்பதில் ஆபத்து இல்லை: கறுப்பு வயர் சுவிச்சுக்கு, சிவப்பு வயர் காரின் உடலுக்கு. உடலில் இணைக்கும் இடத்திலுள்ள பெயின்ற்றைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, இறுக்கியபின் கிறீஸ் பூச வேண்டும். நான் முதலில் அப்படிச் செய்யவில்லை. பற்றறியில் 12.5 வோல்ற் இருந்தபோது, சுவிச்சை அழுத்திக்கொண்டு பம்பியின் முனைகளில் அளந்தால் 9 வோல்ற்தான் காட்டியது. சுரண்டியபின் 12ஐ நெருங்கியது. மோட்டரைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் வயரில் அளந்தால் இந்த இழப்பு தெரியாது, பம்பி ஓடும்போதே அளக்க வேண்டும். மின்சாரத்தை, சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் பச்சை வயரிலிருந்து எடுத்தேன். மைனரின் பியூஸ் பெட்டியிலுள்ள 35 அம்பியர் பியூஸ் இவ்வளவு சிறிய மோட்டரைக் காப்பாற்றாது என்பதால் இடையில் 5 அம்பியர் பியூஸ் ஒன்றையும் சேர்த்தேன். பெட்டியில் அது தரப்படவில்லை.

பெட்டியோடு வந்த பீச்சுமுனைகளை நான் பாவிக்கவில்லை. காரில் ஏற்கனவே இருந்த, குரோம் பூசிய பித்தளை முனைகள் அவற்றைவிட அழகானவை, உறுதியானவை. ஆனால் அவற்றின் துளைகளில் வெள்ளைப் படிவு ஏறியிருந்தது. குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்புதான் இங்கேயும் படிகிறது. ஓர் இரவு வினாகிரியில் ஊறவிட்டு, மெல்லிய தையல் ஊசியால் துளையைத் திறந்ததும் சரியாயிற்று. இப்போது போத்தலில் மழைநீர் அல்லது வடித்த நீர் மட்டுமே ஊற்றுகிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. சுவிச்சை விட்டதும் குழாயிலுள்ள தண்ணீர் முழுவதும் போத்தலுக்கே திரும்பி இறங்கிவிடும், அடுத்த முறை அழுத்தினால் தண்ணீர் வர இரண்டு மூன்று வினாடிகள் ஆகும். எதிரே வரும் பேருந்து புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகும் வேளையில் அந்த மூன்று வினாடி நீண்ட நேரம். மீன்தொட்டிப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும், காற்றுக் குழாய்க்கான ஒருவழி வால்வு ஒன்றைப் பம்பிக்கு அருகில் குழாயின் நடுவே செருகியதும் அது தீர்ந்தது. பழைய வொக்ஸ்வாகன் பீற்றிலில் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மேலதிக ரயரின் காற்றழுத்தமே தண்ணீரைத் தள்ளும்படி அதை அமைத்திருந்தார்கள்.

எட்டு மாதத்தில் பம்பி ஒருமுறையும் நின்றதில்லை. தண்ணீர் தீர்ந்தபின் ஓட விடாமலும், ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் அழுத்தாமலும் பார்த்துக்கொள்கிறேன். மோட்டருக்கு மட்டும் மதிப்பிட்டால் கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள்தான். நேர்முனை உடலோடு இணைந்த கார் வைத்திருப்பவர்களும் வயர்களை மாற்றிக் கொடுக்கத் தெரிந்தால் தயங்காமல் வாங்கலாம். சுவிச்சை நான்காம் மாதத்திலேயே மாற்ற வேண்டியிருந்தது. போத்தலைத் தாங்கும் தகட்டின் திருகாணித் துளையருகில் இப்போது மயிரிழை போன்ற வெடிப்பு தெரிகிறது. மாரி தொடங்குமுன் போத்தலுக்கு அலுமினியத் தாங்கி ஒன்று செய்து தரும்படி அந்த ஐயாவிடமே அளவு கொடுத்திருக்கிறேன்.