ரைனரின் ஸாரதுஸ்ட்ரா (1954): சூரியோதயத்துக்காக வாங்காதீர்கள்

“ரைனர் ஸாரதுஸ்ட்ரா எஸ்.ஏ.சி.டி. விலை இறங்கியிருக்கு, எடுக்கலாமா?” என்று நண்பர் கேட்டார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ஸாரதுஸ்ட்ரா’ என்ற இசைப்படைப்பை ஃப்ரிட்ஸ் ரைனர் நடத்திய பதிவு அது; எஸ்.ஏ.சி.டி. என்பது சூப்பர் ஆடியோ சி.டி. எதற்காக எடுக்கிறார் என்று திருப்பிக் கேட்டேன். எல்லோரும் சொல்வதையே சொன்னார்: சூரியன் உதிப்பது போன்ற அந்த ஆரம்பத்துக்காக. அப்படியானால் வேண்டாம். ஆரம்பத்தின் ஒன்றரை நிமிஷம்தான் இந்தப் பதிவில் பலவீனமான இடம். மீதி அரை மணி நேரத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை.

குப்ரிக்கின் ‘2001’ படத்தில் கேட்டது இதுதான் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படத்தில் ஒலித்தது காரயான் நடத்திய வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழு, டெக்கா நிறுவனத்தின் 1959 பதிவு. நாம் பேசுவது ஃப்ரிட்ஸ் ரைனர், சிகாகோ சிம்பொனி, ஆர்கெஸ்ட்ரா ஹால், 1954 மார்ச் 8. ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வருவதற்கு நான்கு வருஷம் முந்தைய தேதி அது. இதைப் பதிந்த ஆர்.சி.ஏ. நிறுவனம் அப்போது ஸ்டீரியோவைச் சோதனையாகத்தான் பதிந்துகொண்டிருந்தது. முதலில் வெளியானது மோனோ தட்டு (எல்.எம்.-1806). எல்.எஸ்.சி.-1806 என்ற ஸ்டீரியோ தட்டு 1960-இல்தான் வந்தது.

இரண்டே இரண்டு நியூமன் எம்-50 மைக், கால் அங்குல டேப், இரண்டு டிராக், வினாடிக்கு 30 அங்குல வேகம். அவ்வளவுதான் கருவி. ஒரு வாத்தியத்துக்கு ஒரு மைக் வைத்துப் பின்னால் கூட்டிக் குறைக்கும் வேலைக்கு இடமே இல்லை. மேடையில் ரைனர் சமன் செய்ததே டேப்பில் இருக்கிறது. அந்த இரண்டு மைக்குகளுக்கு எட்டியது அற்புதமாக எட்டியிருக்கிறது. எட்டாதது எட்டவில்லை, இனி எந்த ரீமாஸ்டராலும் எட்டாது.

எட்டாதது எது என்றால், அந்த ஆதார ஷட்ஜம். ஸ்ட்ராஸ் எழுதியபடி டபுள் பாஸ் நடுக்கமும், கான்ட்ரா பசூனும், பெரிய டிரம்மின் உருட்டலும், ஆர்கன் பெடலும் சேர்ந்து ஒரே ‘ஸி’யில் நிற்க வேண்டும். அது 32.7 ஹெர்ட்ஸ். ஆர்கனில் 32 அடிக் குழாயும் திறந்தால் அதற்கும் கீழே 16 ஹெர்ட்ஸ் சேரும். இந்தப் பதிவில் அது காதுக்கு ஏறுமுன் டேப்பின் இரைச்சல் ஏறிவிடுகிறது. ஆர்கன் இருக்கிறது, ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு இந்த எரிச்சல் தீரவில்லை.

எரிச்சலில் பாதி நம் வீட்டின் தப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்து அங்குல வூஃபர் போட்ட புத்தக அலமாரி ஸ்பீக்கர் பெரும்பாலும் 55–60 ஹெர்ட்ஸுக்குக் கீழே கைவிட்டுவிடும். அதில் நீங்கள் கேட்பது 65, 98 ஹெர்ட்ஸில் இருக்கும் மேற்சுரங்கள். அடிச்சுரத்தை மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. சப்வூஃபர் இருந்தால் 60–70 ஹெர்ட்ஸில் வெட்டிக் கொடுங்கள். 100-க்குமேல் விட்டால் செல்லோவும் சப்வூஃபருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அறையும் கணக்கில் வரும். 17 அடி நீள அறையின் முதல் அதிர்வு 33 ஹெர்ட்ஸ் அருகே விழுகிறது, அதாவது இந்த ‘ஸி’யின் மேலேயே. அந்த அறையின் நட்டநடுவில் நாற்காலி போட்டால் சுரம் காணாமல் போகும். பின்சுவரை ஒட்டிப் போட்டால் வீங்கும். பின்சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி உட்காருங்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. “ஆர்கன் நன்றாகவே கேட்கிறதே” என்று சிலர் சொல்வார்கள். தட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சத்தம் தொடர்ந்தால் அது ஆர்கன் இல்லை, உங்கள் வீட்டு எர்த். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 32.7-க்குப் பஞ்சமம் 49 ஹெர்ட்ஸ். ஆக, எர்த் கோளாறு ரீங்காரம் சற்றே தூக்கலான ஒரு பஞ்சமமாக ஷட்ஜத்தோடு ஒட்டிக்கொள்கிறது. டிரம்பெட் வாசிப்பதும் ஸ–ப–மேல் ஸ என்பதால் ஏமாறுவது சுலபம். பிளேயர், ஆம்ப், சப்வூஃபர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். செட்டாப் பாக்ஸின் கேபிள் ஆம்போடு இணைந்திருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

வூஃபரின் விளிம்பு நுரை பொடிந்து மாற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு இந்த ஆரம்பம் வேறொரு வகையில் உதவும். 32.7 ஹெர்ட்ஸின் அலைநீளம் பத்து மீட்டருக்குமேல், எனவே இரண்டு மைக்கிலும் அது ஏறத்தாழ ஒன்றாகவே விழுந்திருக்கிறது. ரிப்பேரில் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் இடதும் வலதும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆம்பை அணைத்து, ஒரே ஒரு ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் மாற்றிக் குத்தி, மறுபடி போட்டுப் பாருங்கள். எந்த இணைப்பில் ஷட்ஜம் கனக்கிறதோ அதுவே சரி.

வால்யூம் விஷயத்தில் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ஆரம்பம் கேட்கவில்லையே என்று கூட்டி வைத்து, மூன்று முறை எழும் அந்த இசையின் மூன்றாவது எழுச்சியில் பதறியடித்துக் குறைக்கிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் அந்த மூன்றாவது எழுச்சிக்கு ஓட்டி, உட்காரும் இடத்தில் 90–95 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துக்கொண்டு, அதன்பிறகு குமிழைத் தொடாமல் ஆரம்பத்துக்கு வாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். இரைச்சல் மெல்லக் கேட்டால் அளவு சரி. அந்த உச்சத்தில் டேப் லேசாக நெரிபடுவது காதில் விழும். அதற்காக உங்கள் ஆம்பைத் திட்ட வேண்டாம்.

சூரியன் உதித்து முடிந்ததும்தான் பதிவு தொடங்குகிறது என்பேன். ஸ்ட்ராஸ் ‘அறிவியலைப் பற்றி’ என்று பெயரிட்ட ஃபியூக் (ஒரே கருப்பொருளை வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தொடரும் வடிவம்) பகுதிக்கு வாருங்கள். செல்லோவும் டபுள் பாஸும் பாகம் பாகமாகப் பிரிந்து, அடி ஸ்தாயியில், மிக மெதுவாகத் தொடங்கும். கருப்பொருள் அதே ஸ–ப–ஸ. ஆனால் முடிவதற்குள் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களையும் தொட்டுவிடும். பல மைக் வைத்துப் பதிந்த பிற்காலப் பதிவுகள் பலவற்றில் இந்த இடம் சேற்றில் கால் வைத்தது போல இருக்கும். இங்கே வில்லின் ரோமம் தந்தியைப் பிடித்து விடுவது வரைக்கும் கேட்கிறது. ஒரு டெஸ்க் (ஒரே ஸ்டாண்டைப் பகிரும் இருவர்) முடித்து அடுத்த டெஸ்க் எடுக்கும்போது இடம் நகர்வது தெரிகிறது. நகர்ந்த இடத்துக்குப் பின்னால் சுவர் இருப்பதும் தெரிகிறது. என் ஸ்பீக்கரின் தகுதியை நான் அளப்பது இந்த இடத்தில்தான். சூரியோதயத்தை வைத்து ஸ்பீக்கர் விற்கும் கடைக்காரரிடம் இதைப் போடச் சொல்லுங்கள்.

அந்தச் சுவர் இன்று அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1904-இல் திறந்த ஆர்கெஸ்ட்ரா ஹாலை 1966-இல் திருத்திக் கட்டினார்கள், ஒலி வறண்டுபோனது, ஆர்.சி.ஏ.வே பிறகு அதே ஊரின் மெதீனா டெம்பிள் அரங்கத்துக்குப் போய்ப் பதிந்தது. 1990-களில் மறுபடியும் மாற்றினார்கள். ஆகவே இந்த டேப்பில் கேட்கும் அறையை இனி சிகாகோவுக்கே போனாலும் கேட்க முடியாது.

வாசிப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரைனர் 1914 முதல் 1921 வரை ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருந்தவர், ஸ்ட்ராஸை நேரில் அறிந்தவர். எங்கேயும் நெஞ்சு நக்குவதில்லை. முதல் டிரம்பெட் அடோல்ஃப் ஹெர்செத் மேல்ஸ்தாயிக்குத் தாவும் இடங்களில் கண்ணாடி விளிம்பு மாதிரியான ஒரு கூர்மை. நடனப் பகுதியில் ஜான் வைக்கரின் தனி வயலின் ஸ்பீக்கருக்கு வெளியே, ஆளுயரத்தில் நிற்கிறது. நடுவில் மட்டும் ஒலி கொஞ்சம் மெலிந்து இருக்கும். இரண்டு மைக் பதிவுகளுக்கே உரிய குணம் அது. ஸ்பீக்கர்களை வழக்கத்தைவிட அரை அடி நெருக்கி, உங்களை நோக்கிச் சற்றே திருப்பினால் மரக்காற்று வாத்தியங்கள் நடுவில் வந்து அமரும்.

எந்தப் பதிப்பு? 2004-இல் வந்த ஹைப்ரிட் எஸ்.ஏ.சி.டி. போதும், சாதாரண சி.டி. பிளேயரிலும் ஓடும். சரவுண்ட் வைத்திருப்பவர்கள் நடு ஸ்பீக்கர் ஊமையாக இருக்கிறது என்று தட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். மூலமே இரண்டு டிராக், மூன்றாவது எங்கிருந்து வரும்? அனலாக் புரொடக்ஷன்ஸ் நிறுவனத்தின் 200 கிராம் எல்.பி. தட்டு அழகான அச்சு. ஆனால் 32 நிமிஷப் படைப்பை நடுவில் எழுந்து திருப்பிப் போட வேண்டும். டர்ன்டேபிளின் உறுமலும் அந்த ஷட்ஜமும் ஒரே பேட்டையில் வசிப்பவை. ஃபோனோ ஆம்பில் உறுமல் வடிகட்டி 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பரவாயில்லை. 40-இலிருந்தே வெட்டும் ரகம் என்றால் ஆர்கன் அதோடு போயிற்று.

ஸ்ட்ரீமிங்கில் இரண்டு பள்ளங்கள். ரைனரே இதை 1962-இல் அதே இசைக்குழுவோடு மறுபடி பதிந்திருக்கிறார். அட்டையில் வருஷம் பார்க்காமல் தட்டினால் அதுதான் வரும். அது இரைச்சல் குறைந்த, நல்ல பதிவு. இந்த 1954-இன் முறுக்கு அதில் இல்லை. இரண்டாவது, 1963-க்கு முன் வெளியான பதிவுகளுக்கு ஐரோப்பாவில் காப்புரிமை முடிந்துவிட்டதால் யார் யாரோ இரைச்சல் நீக்கி ஏற்றியிருக்கிறார்கள். கடைசி இரண்டு நிமிஷத்தில் பிடித்துவிடலாம். மேலே மரக்காற்றும் வயலினும் ‘பி’ மேஜரில் நிற்க, கீழே பாஸ் தந்தியைச் சுண்டி ‘ஸி’ வைக்கும். நிஷாதமும் ஷட்ஜமும் கடைசிவரை சமாதானமாகாத முடிவு. அங்கே இரைச்சல் ஒரே சீராக ஓட வேண்டும். சுரம் வரும்போது இரைச்சலும் வந்து, சுரம் நின்றதும் இரைச்சலும் நின்றால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள்.

ஆக, தீர்ப்பு. நண்பரிடம் இருப்பது ஐந்து அங்குல ஸ்பீக்கர், வேண்டுவது சூரியோதயம். அவர் ஸுபின் மேத்தா லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக்கோடு டெக்காவுக்காக 1968-இல் பதிந்ததை எடுக்கட்டும். ஆர்கன் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். ரைனரின் பதிவுக்கு இன்றைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. அந்த ஷட்ஜத்துக்காக ஒன்றும், அதைக் காரணம் காட்டி இத்தனை காலம் இதைத் தலையில் வைத்து ஆடியவர்களுக்காக ஒன்றும் குறைத்திருக்கிறேன். எஸ்.ஏ.சி.டி.யில் கூடவே இருக்கும் ஸ்ட்ராஸின் இன்னொரு படைப்பான ஹெல்டன்லேபன் இரண்டு நாள் முன்னால், மார்ச் 6 அன்று, அதே ஹாலில் பதிந்தது. அதில் ஆர்கனே கிடையாது, குறை சொல்லவும் ஒன்றுமில்லை. விலை இன்னும் இறங்கினால் எனக்கும் ஒன்று சேர்த்து எடுங்கள்; என்னுடையதில் ஃபியூக் இருக்கும் இடம் கீறல் விழுந்து தாவ ஆரம்பித்துவிட்டது.