டபுள்வைட் வீட்டைச் சொந்த நிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள்: எங்கள் அனுபவம்

பேஸ்ட்ராப் பக்கம் ஒரு மொபைல் ஹோம் பார்க்கில் நின்றிருந்த 1999-ம் வருடத்து டபுள்வைட் வீட்டை (தொழிற்சாலையில் இரண்டு பாதியாகக் கட்டி, நிற்கும் இடத்தில் சேர்க்கும் வீடு) வாங்கி, லாக்ஹார்ட் அருகே எங்களுக்கு இருக்கும் 2 ஏக்கரில் கொண்டுவந்து வைத்தோம். டெக்சஸில் இதே யோசனையில் இருக்கும் நம்மவர்களுக்காக, வீட்டை நகர்த்திக் கொடுத்தவர்களைப் பற்றி எழுதுகிறேன். அப்பாவும் இரண்டு மகன்களும் நடத்தும் சின்ன நிறுவனம், மாநில லைசென்ஸ் உண்டு.

மூன்று இடத்தில் விலை கேட்டோம். இரண்டு பேர் போனிலேயே தொகையைச் சொல்லிவிட்டார்கள். இந்தப் பெரியவர் மட்டும், வீட்டையும் பார்க்கணும், நிலத்தையும் பார்க்கணும், அதுவரை விலை கிடையாது என்றார். எனக்கு அதிலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

பார்க்குக்கு வந்தவர் முதலில் தேடியது வெளிச்சுவரில் இருக்கும் சிவப்புத் தகட்டை. 1976 ஜூன் 15-லிருந்து மத்திய அரசு விதிப்படி கட்டும் வீடுகளில் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு தகடு இருக்கும். அப்புறம் சமையலறை அலமாரிக்குள் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். எந்தக் காற்று மண்டலத்துக்காக, அதாவது எவ்வளவு பலமான காற்றைத் தாங்கும்படி கட்டிய வீடு என்று அதில் போட்டிருக்கும். எங்களுடையது மண்டலம் 1. கடலோரமாகக் கொண்டுபோவதற்கென்றால் வாங்கவே வேண்டாம், லாக்ஹார்ட்டுக்குச் சரி என்றார்.

நிலத்துக்கு வந்ததும் ஒரு வெடிப்பில் இரும்புக் கம்பியை விட்டுப் பார்த்தார். முழங்கை ஆழத்துக்கு இறங்கியது. நான் கோவில்பட்டிக்காரி. கரிசல் கோடையில் பிளப்பதையும் ஐப்பசி மழையில் ஊறி உப்புவதையும் பார்த்து வளர்ந்தவள். இங்கே 'ஹூஸ்டன் பிளாக்' என்கிறார்களே, அதுவும் அதே குணமுள்ள மண்தான். வீடு நிற்பதோ பியர்கள் என்கிற குட்டைத் தூண்கள் மேல். அடியில் தண்ணீர் தேங்கினால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும், கதவு சாத்தாது. நடுவில் உயர்த்தி, நாலு பக்கமும் வாட்டம் விட்டு மண்மேடை போடச் சொன்னார். அதை முடிக்காமல் வீட்டை எடுக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். மேடைக்குத் தனி ஆள், 3,800 டாலர்.

நகர்த்தியது ஒரே நாள் வேலை. இரண்டாகப் பிரித்து, திறந்த பக்கத்தில் பிளாஸ்டிக் ஷீட் அடித்து, அச்சும் டயரும் மாட்டி, பெர்மிட்டோடு பகல் வெளிச்சத்தில் கொண்டுவந்தார்கள். மட்டம் பார்த்ததுதான் இரண்டு நாள் பிடித்தது. தண்ணீர் நிரப்பிய டியூபை ஒரு மகன் ஒவ்வொரு பியருக்கும் பிடிக்க, பெரியவர் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஜாக்கைத் திருகினார். நம்மூர்க் கொத்தனார் டியூப் லெவல் பிடிப்பது போலவேதான்.

குறையும் உண்டு. 14,500 டாலர் என்று எழுதிக் கொடுத்த தாளில் கரண்ட், செப்டிக், ஏசி இணைப்பு, சுற்றிலும் அடிக்கும் ஸ்கர்ட்டிங் எதுவும் சேராது. அதை அவர்களாகச் சொல்லவில்லை. அதற்குமேல் 9,000 வரை போனது. இரண்டு பாதியும் சேரும் கோட்டில் ஹால் கூரை விரிசல் விட்டது. ஒரு வாரத்தில் சரிசெய்கிறோம் என்றவர்கள் ஐந்து வாரம் கழித்துத்தான் வந்தார்கள், அதற்கும் நாலு முறை கூப்பிட வேண்டியிருந்தது. எது சேரும், எது சேராது என்று கையெழுத்துக்கு முன்பே வரிவரியாக எழுதி வாங்குங்கள். இடம் மாறினால் மாநிலத்திடம் ஓனர்ஷிப் பத்திரத்தையும் புதுப்பிக்க வேண்டும்; நிலமும் நம் பேரில் இருந்தால் வீட்டை அசையாச் சொத்தாகவே பதியலாம். அதற்கான தாள்களைக் கேட்காமலே கொடுத்தார்கள்.

ஒரு வருடத்துக்குள் ஒருமுறை இலவசமாக மட்டம் பார்த்துத் தருவதாக ஒப்பந்தத்தில் இருந்தது. ஆகஸ்ட் வெயிலில் மண் நன்றாகக் காய்ந்த பிறகு, நாங்கள் கூப்பிடாமலே பெரியவர் டியூபோடு வந்தார். சமையலறை மூலை கால் அங்குலம் இறங்கியிருந்தது. ஜாக் வைத்துத் தூக்கி, இரண்டு மர ஆப்பு அடித்தார். ஜூலையிலிருந்து தோள் கொடுத்துத் தள்ளிச் சாத்திய பின்கதவு இப்போது ஒரு விரலுக்கு மூடுகிறது.