கிளிநொச்சியில் செய்வித்த வேலைமேசையும் அதைச் சுற்றி எழுந்த அறையும்

இரணைமடுக் குளத்து வாய்க்கால் வயலை நனைத்துவிட்டுப் போய்விடும்; மேட்டுநிலத்தில் மிளகாயும் கச்சானும் செய்கிற எங்களுக்கு நீர் இறைக்கும் மெசின் இல்லாமல் பயிர் இல்லை. அந்த மெசின் பழுதாகும்போதெல்லாம் அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு நகரத்துக்கு ஓடுவதை நிறுத்துவதற்காக, வீட்டின் பக்கத்தில் இறக்கியிருந்த பத்தியைத் திருத்தி ஒரு வேலை அறையாக்கினேன். சுவர் பூசியது, தரைக்குச் சீமெந்து போட்டது, கூரைத் தகரத்தை மாற்றியது ஆகியவற்றை எல்லோரும் செய்வார்கள். நான் இங்கே எழுத விரும்புவது ஏ-9 வீதியோரத்தில் உள்ள ஓர் ஒட்டுவேலை (வெல்டிங்) தளத்தில் செய்வித்த இரும்பு வேலைமேசையைப் பற்றியும், பொருட்களைத் தாடைகளுக்கிடையில் இறுக்கிப் பிடிப்பதற்காக அதில் பூட்டிய 4 அங்குல வைஸைப் பற்றியும்தான்.

ஐந்து அடி நீளம், இரண்டு அடி அகலம், 2 அங்குலச் சதுரக் குழாயில் சட்டம். மேல்பலகை இல்லாமல் 34,000 ரூபாய் எடுத்தார்கள். மரக்கால் வேண்டாம் என்று நான் முதலிலேயே தீர்மானித்திருந்ததற்குக் காரணம் கறையான். மேல்பலகைக்குப் புதிய மரம் வாங்கப் போனால் விலையோடு அனுமதிப்பத்திர அலைச்சலும் சேரும் என்பதால், அப்பாவின் காலத்துக் கோர்க்காலி ஒன்றைப் பிரித்து, நெல்மூட்டை தாங்கிப் பழகிய 2 அங்குல முதிரைப் பலகைகளைச் சீவிப் பொருத்தினேன். முதிரையில் துளையிடும்போது அலகு சூடேறிப் புகையும். அவசரப்படாமல் இடையிடையே வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டுத் துளைக்கவேண்டும்.

உயரத்தை அவர்களிடம் விடாமல் நானே அளந்து கொடுத்தேன். நிமிர்ந்து நின்று கையை மடித்தால் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறதோ, வைஸின் தாடை அந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்பது அரம் பிடிப்பவர்களிடம் உள்ள பழைய கணக்கு. என் முழங்கை தரையிலிருந்து 42 அங்குலம்; வைஸ் ஆறரை, பலகை இரண்டு; ஆகவே சட்டம் முப்பத்துமூன்றரை அங்குலம். கடைகளில் ஆயத்தமாக விற்கும் மேசைகள் சாப்பாட்டு மேசையின் உயரத்தில் இருப்பதால், அவற்றில் அரை மணி நேரம் அரம் போட்டாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அவர்களுடைய வேலையில் நான் மனமாரப் பாராட்டுவது பின்பக்கத்துக் குறுக்குச் சட்டங்களை. வாளால் அறுக்கும்போது மேசை மேலும் கீழுமாக அசைவதில்லை, நீளவாட்டில் முன்னும் பின்னுமாகத்தான் ஆடும். கால்களை எவ்வளவு தடித்த இரும்பில் செய்தாலும், மூலைக்கு மூலை சாய்வாக ஒரு சட்டம் ஓடாவிட்டால் அந்த ஆட்டம் நாளடைவில் ஒட்டுகளை வெடிக்கவைக்கும். நான் ஒரு சாய்சட்டம்தான் கேட்டேன். அங்கே ஒட்டுவேலை செய்த தம்பி, “ஒண்டு போட்டா ஒரு பக்கம்தான் இழுக்கும், அண்ணை, ரெண்டையும் பெருக்கல் மாதிரிப் போடுவம்” என்று சொல்லி, மேலதிகக் காசு கேட்காமலே இரண்டாவதையும் ஒட்டித் தந்தார். நீர்மெசினின் துருப்பிடித்த உறிஞ்சு குழாயை வைஸில் இறுக்கி, 24 அங்குலக் குழாய்ச் சாவியோடு என் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தபோதும் மேசை அசையவில்லை.

குறைகள் இரண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தபோது ஒரு கால் தரையைத் தொடாமல் நின்றது. முதலில் என் தரையைத்தான் சந்தேகித்தேன். மழைத்தண்ணீர் வழிந்தோடுவதற்காக அது வாசலை நோக்கிச் சற்றுச் சரிந்திருப்பது உண்மை. ஆனால் மட்டக்கோலை வைத்துப் பார்த்தபோது சட்டமே முறுகியிருந்தது. ஒட்டு ஆறும்போது இரும்பு சுருங்கி இழுக்கும்; நான்கு மூலைகளையும் முதலில் பொட்டுப் பொட்டாகப் பிடித்து, மூலைவிட்டங்களை அளந்து பார்த்தபின் முழுதாக ஒட்டினால் இது பெரும்பாலும் நேராது. திருப்பிக் கொண்டுபோனதும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு காலின் அடியிலும் நட்டு ஒட்டி, 16 மில்லிமீற்றர் போல்ட்டைத் திருகி உயர்த்தவும் தாழ்த்தவும் கூடியதாகச் செய்து தந்தார்கள். வண்டிக்கூலி மட்டும் என் தலையில் விழுந்தது.

இரண்டாவது குறை அவர்கள் திருத்தாதது. வைஸுக்காகச் சட்டத்தில் ஒட்டிய 8 மில்லிமீற்றர் தகட்டை விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே தள்ளி வைத்துவிட்டார்கள். வைஸின் அசையாத தாடை மேசை விளிம்புக்குச் சற்று வெளியே நிற்கவேண்டும். அப்போதுதான் நீளமான குழாயை நிலத்தை நோக்கி நிமிர்த்திப் பிடிக்கமுடியும். படத்தில் வரைந்து கொடுத்திருந்தும் இப்படிச் செய்தது எனக்குக் கோபத்தைத் தந்தது. கடைசியில் நானே வேறொரு தகட்டைத் துளைத்து, வலப்பக்கக் காலுக்கு நேர்மேலே பூட்டினேன்.

வைஸ் வார்ப்பிரும்பு. தாடை நேராகச் சேர்கிறது, திருகில் தேவையற்ற தளர்ச்சி இல்லை. வார்ப்பிரும்பு சம்மட்டி அடியைத் தாங்காமல் வெடிக்கக்கூடியது என்பதால், அடித்து நிமிர்த்துகிற வேலைக்குத் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். பித்தளை, அலுமினியப் பாகங்களில் தாடையின் பல் பதியாமலிருக்க, அலுமினியக் கோணத்தில் இரண்டு துண்டுகளை வெட்டித் தாடைக்கு மேல் மாட்டிக்கொள்கிறேன். இதற்கென்று காசு செலவழிக்கத் தேவையில்லை.

அறையின் மற்ற ஏற்பாடுகளில் மின்சாரத்துக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றும், நிழல் விழாதபடி இரண்டு குழல் விளக்குகளும் போதுமானவையாக உள்ளன. எரிபொருளை மட்டும் உள்ளே விடுவதில்லை. எங்கள் மெசின்கள் பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. தாங்கியில் மிஞ்சிய பெற்றோலின் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு தரையாகப் பரவித் தேங்கும், கிரைண்டரின் ஒரு பொறி அதற்குப் போதும். ஆகவே மெசினைத் திருத்துவதற்குமுன் தாங்கியை வேலியோரத்தில் வைத்து வடித்துவிடுகிறேன்.

பழைய இரும்பு விடயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். வன்னியில் காணி துப்புரவாக்கும்போது கிடைக்கும் இரும்பை எடை பார்த்து விற்கிற வழக்கம் இருக்கிறது. எதுவென்று அடையாளம் தெரியாத உருளையையோ மூடியையோ வைஸில் இறுக்கி அறுக்க முயல்வதென்ன, அறைக்குள் கொண்டுவருவதே கூடாது. அதைக் கண்ட இடத்திலேயே தொடாமல் விட்டுப் பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ அறிவிக்கவேண்டும். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் வேலைக் கருவிகளை எடுத்து விளையாடக்கூடும் என்பதால் கதவுக்கு ஆமைப்பூட்டும் போட்டிருக்கிறேன்.

சட்டத்துக்கு அவர்கள் ஒரேயொரு சிவப்புப் பூச்சுத்தான் அடித்துத் தந்தார்கள். வாடைக்காற்றோடு வந்த கார்த்திகை மழையில் ஒட்டிய மூட்டுகளில் துரு தலைகாட்டிவிட்டது. உரசித் துடைத்து இன்னும் இரண்டு பூச்சு நான் பூசவேண்டியதாயிற்று. சோளகம் வீசும் மாதங்களில் வைஸின் திருகில் எண்ணெயோடு புழுதி சேர்ந்து களிபோல் இறுகுவதால், வாரம் ஒருமுறை துடைக்கவேண்டும்.

அதே தளத்தில் இன்னொரு மேசை செய்விப்பேனா என்றால், செய்விப்பேன். ஆனால் வைஸின் தகட்டை ஒட்டும்போது பக்கத்தில் நிற்பேன். ஆவணி, புரட்டாதியில் போகவேண்டாம். காலபோக விதைப்புக்கு முன்னர் கலப்பையும் உழவு மெசின் இழுக்கும் பெட்டியும் திருத்துகிற கூட்டத்தில் மேசைக்காரனை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இரண்டு வாரம் என்று சொன்ன வேலை எனக்கு ஐந்து வாரம் எடுத்தது.