கஸ்தூரி மஞ்சளா, கறி மஞ்சளா? குமுளிக் கடைத்தெருவிலிருந்து ஓர் அலசல்

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான குமுளியில் எந்த மசாலாக் கடையில் நின்று கஸ்தூரி மஞ்சள் கேட்டாலும் "உண்டு" என்றுதான் பதில் வரும். பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுவார்கள். அந்த நிறத்தைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்பது எனக்குப் பல வருஷம் தெரியவில்லை.

நான் கம்பத்தில் பிறந்து, கல்யாணமாகி மலையேறி வந்தவள். அம்மா வீட்டில் குண்டு மஞ்சளைக் கல்லில் உரசிப் பூசித்தான் குளிப்போம். இங்கே வந்ததும் கஸ்தூரிக்கு மாறினேன். ஒரு தடவை வாங்கிய பொடி முகத்தில் திட்டுத் திட்டாக மஞ்சளை விட்டதோடு, இரண்டு நாள் அரிப்பையும் கொடுத்தது. பக்கத்து வீட்டுச் சேச்சி பொடியை மோந்து பார்த்துவிட்டு, "இது கஸ்தூரியல்ல மோளே, மஞ்ஞக்கூவயா" என்றார். கையோடு தன் தோட்டத்துக் கிழங்கு ஒன்றைத் தோண்டி வந்து அரிவாள்மணையில் நறுக்கினார். உள்ளே பாலேடு மாதிரி வெளிர் நிறம். ஓரத்தில் மட்டும் லேசான மஞ்சள் சாயல். மூக்கருகே கொண்டுபோனால் கற்பூர வாசனை. விரலில் கறையே ஒட்டவில்லை.

ஆக, கடையில் ஒரே பேரில் புழங்குவது இரண்டு வேறு செடிகளின் கிழங்கு: ஒன்று அசல் கஸ்தூரி, இன்னொன்று சேச்சி சொன்ன மஞ்சக்கூவை. மஞ்சக்கூவை விளைச்சல் அதிகம், விலை குறைவு, நிறமும் தூக்கலாக இருக்கும். மஞ்சள் என்றால் மஞ்சளாகத்தானே இருக்க வேண்டும் என்று நாமும் அதையே நம்பி வாங்குகிறோம். உண்மையான கஸ்தூரிப் பொடி வெளிறிப்போய், சந்தன நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

சரி, முகத்துக்கு எது? என் ஓட்டு கஸ்தூரிக்குத்தான். சமையலில் போடும் கறி மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற சத்து. வீக்கத்தையும் எரிச்சலையும் தணிப்பதாகச் சோதனைக்கூட ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவதும் அதுதான். ஆனால் அதுவே தோலில் கறையாகவும் நிற்கும். (துணியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயப் போட்டால் வெளுத்துவிடும், குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. முகத்தை அப்படிக் காயப் போட முடியாதே.) கஸ்தூரியில் குர்குமின் மிகக் குறைவு, வாசனை எண்ணெய்தான் அதன் பலம். வெளியே போகிறவர்களுக்கு வசதி அது. ஆனால் இரண்டுமே நிறத்தை மாற்றிவிடாது. பயத்தமாவும் தயிரும் சேர்த்துப் பத்து நிமிஷம் பூசிக் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கு போய் முகம் தெளிவாக இருக்கும், அவ்வளவுதான். எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டாம். அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்பளித்து, கருந்தடம் மாதக்கணக்கில் நிற்கும்.

வயிற்றுக்குள் போவது என்றால் கதை தலைகீழ். அங்கே கறி மஞ்சள்தான், கஸ்தூரி பூசுவதற்கு மட்டும். அதிலும் எங்கள் இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழை, பக்கத்து மூவாற்றுப்புழைப் பக்கம் விளைவது ஆலப்புழை மஞ்சள் என்ற பேரில் விற்கிறது. ஆலப்புழைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் வந்த பேர். அடர்ந்த ஆரஞ்சு நிறம், குர்குமின் 5 சதவீதத்தைத் தாண்டும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளில் அது இதைவிடக் குறைவு, ஆனால் சாம்பாருக்கு அதன் மணமே எனக்குப் பிடிக்கும். எந்த ஊர்ச் சரக்கானாலும் விரலியாக வாங்கி மில்லில் கொடுத்து அரையுங்கள். கண்ணைப் பறிக்கிற பளபளப்போடு இருக்கும் விரலியை ஒதுக்குங்கள், ஈயம் கலந்த சாயத்தைப் பூசி மெருகேற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு.

ஆடி மாதம் கம்பத்தில் காற்றும் சாரலுமாக இருக்கும்போது இங்கே கொட்டித் தீர்க்கும். வீட்டுக்கு வீடு இருமல். அப்போது வரும் அடுத்த கேள்வி: மஞ்சள் பாலா, சுக்குக் கஷாயமா?

மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடாவிட்டால் பாதி வீண். குர்குமின் தனியாகப் போனால் உடம்பு அதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு கூடியது. பாலிலுள்ள கொழுப்பும் உதவும். ஆனால் அளவைப் பாருங்கள்: ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் சுமார் 3 கிராம், அதில் குர்குமின் 100 மில்லிகிராம் சொச்சம்தான். ஆய்வில் கொடுத்ததன் பக்கத்தில்கூட வராது.

சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் வேறு வகை. இஞ்சி காயும்போது அதன் காரச் சத்து மாறி இன்னும் கூர்மையாகிறது. அதனால்தான் சுக்கு தொண்டையில் சுருக்கென்று பிடிக்கிறது. சளி கட்டிய இருமலுக்கு எனக்குக் கஷாயம்தான் கேட்கிறது. இரண்டாவது மடக்கிலேயே மூக்கு இளகும். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு அது ஆகாது. என் மாமியார் அந்த ரகம், அவருக்கு ராத்திரி மஞ்சள் பால்தான், அதிலும் மிளகு இரண்டே இரண்டு. வறட்டு இருமலோடு தூக்கம் வராத குழந்தைக்கும் பால் நல்லது.

இரண்டில் எதுவும் நோய் வராமல் காக்கும் கவசம் ஆகாது. தொண்டைக்கு இதம், உடம்புக்குச் சூடு, அதற்கு மேல் எதிர்பார்த்துக் காய்ச்சலை நாலு நாள் வீட்டில் வைத்திருப்பதைத்தான் நான் பயப்படுகிறேன். மூன்றாவதாக ஒன்று இப்போது கடைகளில் வரிசை கட்டி நிற்கிறது, குர்குமின் மாத்திரை. இதை நான் தொடமாட்டேன். 2019இல் இத்தாலியில் இந்த மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் பாதித்து அரசே எச்சரித்தது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. சமையலில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

கஸ்தூரி கிடைக்காதவர்கள் விதைக்கிழங்கு ஒன்று வாங்கித் தொட்டியில் வையுங்கள். வைகாசியில் நட்டால் தை மாதம் இலை காய்ந்ததும் தோண்டலாம். இலை நடுவே கருஞ்சிவப்புக் கோடு ஓடினால் அது மஞ்சக்கூவை. இலையின் அடிப்பக்கத்தைத் தடவும்போது வெல்வெட் துணிபோல மெத்தென்றிருந்தால் கஸ்தூரி.