அடுப்பங்கரையில் சிக்னல் இல்லை: குற்றம் போன் மேலா, சிம் மேலா, கம்பெனி மேலா?

“எய்யா, நீ சொல்லது விட்டு விட்டுக் கேக்கு. இரு, புறவாசலுக்குப் போயிட்டு வாரேன்.”

ஒன்றரை வருஷமாக அம்மாவிடம் பேசும் ஒவ்வொரு முறையும் முதல் வரி இதுதான். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம். அடுப்பங்கரையில் போன் அடித்தால் அடுப்பைச் சிறுசு பண்ணிவிட்டு, பட்டாசலைத் தாண்டி, புறவாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் பேச முடியும். ஐப்பசி மழையில் ஒருநாள் அந்தக் கல்லடியில் பாசி வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். இதை இந்தத் தடவை முடித்தே ஆக வேண்டும் என்று தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது நானும் தம்பியும் உட்கார்ந்தோம்.

“புது 5ஜி போன் ஒண்ணு வாங்கிருவோம்ணே” என்றான் தம்பி. “அந்தக் கம்பெனிய விட்டுத் தொலைங்க, எங்க வீட்ல இது நல்லா எடுக்கு” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. இரண்டாவது சிம் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணலாம் என்பது என் எண்ணம். மூன்றுக்கும் காசு ஆகும். மூன்றில் ஒன்று மட்டுமே தேவைப்படலாம். எது என்று கண்டுபிடிக்க நாங்கள் செய்ததைத்தான் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் குற்றவாளி யார்?

செலவே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது. அம்மாவின் சிம்மைக் கழற்றி என் போனில் போட்டேன், என் சிம்மை அம்மா போனில் போட்டேன். இரண்டு போனையும் அடுப்பங்கரை மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தொல்லை சிம்மோடு சேர்ந்து என் போனுக்கு வந்தால் நெட்வொர்க்கோ பழைய சிம் கார்டோ காரணம். அம்மா போனிலேயே தங்கிவிட்டால் போன்தான் காரணம்.

கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் கணக்கில் வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம் என்ற கணக்கில் மைனஸ் எண்ணாக இருக்கும், எண் பெருசாகப் பெருசாகச் சிக்னல் மெலிவு. 4ஜியில் மைனஸ் 90-க்குள் இருந்தால் நிம்மதி. மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு அறுபடத் தொடங்கும். எங்கள் அடுப்பங்கரையில் அம்மாவின் சிம் என் போனில் காட்டியது மைனஸ் 117. துவைக்கிற கல்லில் மைனஸ் 98. அம்மாவின் போனிலும் ஏறக்குறைய அதேதான். ஆக, போன் மேல் போட்ட பழி பாதி அங்கேயே விழுந்துவிட்டது.

ஏன் பாதி? அம்மா போனில் வோல்ட்இ, அதாவது பேச்சையும் 4ஜி வழியாகவே அனுப்பும் வசதி, அணைந்து கிடந்தது. எப்போதோ யாரோ தொட்டிருக்கிறார்கள். அது அணைந்திருந்தால், ஒவ்வொரு அழைப்புக்கும் போன் 4ஜியை விட்டுவிட்டு 2ஜியைத் தேடி ஓடும். அழைப்பு இணைய நேரமாகும், குரலும் மட்டமாக வரும். அதைப் போட்டதுமே வாசலில் பேச்சு தெளிவானது. அடுப்பங்கரையில் மட்டும் மாற்றமில்லை.

இன்னும் சில இடங்களையும் பார்த்துவிடுங்கள். பழைய இரட்டை சிம் போன்கள் சிலவற்றில் இரண்டாவது துளையில் 4ஜியே வராது, சிம்மை முதல் துளைக்கு மாற்றினாலே போதும். சிம் கார்டு பத்து வருஷப் பழசு என்றால் அதே எண்ணில் புது கார்டு வாங்குங்கள். டிஸ்பிளே மாற்றி வந்த பிறகு சிக்னல் குறைந்திருந்தால் அந்தக் கடைக்கே திரும்பிப் போங்கள், உள்ளே ஆன்டெனா இணைப்பு சரியாக உட்காராமல் இருக்கலாம். முழுக் கோடு இருந்தும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் மட்டும் வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தால் அது டவரில் கூட்டம், எந்தப் போன் வாங்கினாலும் தீராது. மதியத்துக்குள் சார்ஜ் காலியாகிப் போன் சுடுகிறது என்று பேட்டரி மாற்றக் கிளம்புகிறவர்களும் முதலில் டிபிஎம் பார்க்க வேண்டும். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் தன் சக்தியைக் கூட்டி டவரை எட்டப் பார்க்கும், அந்த உழைப்புதான் பேட்டரியைத் தின்னும்.

புதுப் போனா, புதுக் கம்பெனியா?

கம்பெனிகளைப் பெயரை வைத்து ஒப்பிடுகிறோம். ஒப்பிட வேண்டியது அலைவரிசையை. குறைந்த அலைவரிசை தூரம் போகும், சுவரைத் துளைக்கும். கூடிய அலைவரிசை வேகம் தரும், சுவரில் தேயும். எங்கள் வீட்டு அடுப்பங்கரை நாலு பக்கமும் கல்சுவர். அங்கே நுழையக்கூடியது 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் வகைதான்.

ஜியோ 4ஜிக்கு 850, 1800, 2300 வைத்திருக்கிறது. 5ஜிக்கு 700-ம் 3300-ம். 2016 செப்டம்பர் 5-ல் தொடங்கியபோதே 2ஜி, 3ஜி இல்லாமல் வந்த கம்பெனி என்பதால் வோல்ட்இ வேலை செய்யாத போனில் சாதாரண அழைப்பு போகவே போகாது. அதன் 5ஜி 4ஜியைச் சாராமல் தனியாக நிற்கும் வகை, போனும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

ஏர்டெல்லிடம் 900, 1800, 2100, 2300. 3ஜியை 2020-ல் மூடிவிட்டாலும் 2ஜியை வைத்திருக்கிறது. பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு இது பெரிய விஷயம். 5ஜி பெரும்பாலும் 4ஜியின் தோளில் நிற்கும் வகை.

வோடபோன் ஐடியா என்ற வியிடமும் 900, 1800, 2100 உண்டு, கூடவே 2500. 2ஜியும் இருக்கிறது. 5ஜியில் பின்தங்கித்தான் வந்தது, 2025 மார்ச்சில் மும்பையில் தொடங்கியது. உங்கள் தெருவில் டவர் பக்கம் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிஎஸ்என்எல் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் மற்ற மூவரும் கட்டணத்தை ஏற்றினார்கள். ஜியோவின் 28 நாள், தினம் ஒன்றரை ஜிபி திட்டம் 239-லிருந்து 299 ஆனது. ஏர்டெல்லின் ஆரம்பத் திட்டம் 179-லிருந்து 199. பிஎஸ்என்எல் ஏற்றவில்லை. அந்த ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் பேர் அங்கே கூடினார்கள். மலிவு என்று போனவர்களில் பலருக்கு அப்போது 4ஜியே கிடைக்கவில்லை. உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜியை 2025 செப்டம்பர் 27-ல்தான் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் தொடங்கிவைத்தார், 97,500-க்கும் மேற்பட்ட டவர்களோடு. அந்த 4ஜி ஓடுவது முக்கியமாக 700-லும் 2100-லும். பழைய போன்கள் பலவற்றுக்கு 700 தெரியாது. போனின் விவரப் பட்டியலில் அந்த 700-ஐக் குறிக்கும் ‘பேண்ட் 28’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், டவர் வாசலிலேயே இருந்தாலும் அந்த அலை உங்கள் போனுக்குக் கேட்காது.

தம்பி சொன்ன புதுப் போன் யோசனைக்கு உயிர் வரும் இடம் இது ஒன்றுதான். நல்ல சிக்னல் அந்த வீட்டில் இருந்து, அதைப் பிடிக்கும் பேண்ட் போனில் இல்லையென்றால் போனை மாற்றலாம். சிக்னலே நுழையாத அறைக்கு முப்பதாயிரம் ரூபாய்ப் போன் வாங்கினாலும் அம்மா புறவாசலுக்குத்தான் நடக்க வேண்டும்.

போர்ட் செய்வதா, இரண்டாவது சிம்மா?

எண் மாறாமல் கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரி 20-ல். இன்றைய முறை எளிது. PORT என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, இடம் விட்டு, உங்கள் எண்ணையும் அடித்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது 4 நாள் செல்லும். ஆதாரோடு புதுக் கம்பெனி கடைக்குப் போனால், மாநிலத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் முடியும்.

சுலபமாக இருப்பதாலேயே அவசரப்படுகிறோம். போனபின் பிடிக்கவில்லை என்றால் 90 நாள் அங்கேயே கிடக்க வேண்டும். மிச்சமிருக்கும் ரீசார்ஜ் கூட வராது. போஸ்ட்பெய்டு பாக்கி இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அண்மையில் தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கியிருந்தால் 7 நாள் கழித்துத்தான் குறியீடே கிடைக்கும். 2024 ஜூலை 1 முதல் இந்த விதி, எண் திருட்டைத் தடுக்க. சிம் மாறும்போது சில மணி நேரம் எதுவும் ஓடாது, ஓடிபி தேவைப்படும் வேலையை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

தாமதிப்பதிலும் ஆபத்து உண்டு என்பதை ஏர்செல் காட்டியது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க அதன் சிக்னல் விழுந்தபோது, வெளியேறுவதற்கான எஸ்எம்எஸ் அனுப்பக்கூட சிக்னல் இல்லாமல் ஜனங்கள் கடைவாசலில் நின்றார்கள். நெட்வொர்க் ஊசலாடுகிறது என்று தெரிந்தால் உயிரோடு இருக்கும்போதே மாறிவிட வேண்டும்.

இரண்டாவது சிம்மின் குறை ஒன்றுதான்: ரீசார்ஜ் இரட்டிப்பு. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சு மட்டும் திட்டங்கள் வர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டதால் 2025 ஜனவரியில் கொஞ்சம் வழி பிறந்தது. 84 நாளுக்கு ஜியோ 448, ஏர்டெல் 469, வி 470 என்று அப்போது அறிவித்தார்கள். இரண்டு சிம் என்றால் மூன்று மாதத்துக்குத் தொள்ளாயிரம் ரூபாய். பென்ஷனில் ஓடும் வீட்டுக்கு அது சுமை, ஆகவே நிரந்தர ஏற்பாடாக நான் இதைச் சொல்ல மாட்டேன். சோதனைக்கு ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது மட்டும் கட்டாயம் வேண்டும். கம்பெனிகள் தங்கள் தளத்தில் கவரேஜ் வரைபடம் போட்டிருக்கின்றன. எங்கள் ஊர் எல்லா வரைபடத்திலும் பளிச்சென்று நிறம் பூசித்தான் இருந்தது. வரைபடத்துக்குத் தெரு தெரியும், அடுப்பங்கரை தெரியாது.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் இந்தத் தேர்வே வேண்டாம். போனில் வைஃபை காலிங்கைப் போட்டுவிட்டால் அழைப்பு வைஃபை வழியாகப் போகும். உங்கள் சிம்முக்கும் போனுக்கும் அந்த வசதி உண்டா என்று மட்டும் பாருங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

உறவுக்காரர்களிடமிருந்து மூன்று கம்பெனி சிம்களைக் கடன் வாங்கினோம். காலை ஏழு, மதியம் ஒன்று, ராத்திரி எட்டரை என்று மூன்று வேளை, அடுப்பங்கரை, பட்டாசல், கட்டில் தலைமாடு என்று மூன்று இடம். காலண்டர் தாளின் பின்பக்கம் தம்பி எண்களை எழுதினான். அத்தை வீட்டில் நன்றாக எடுக்கும் சிம் எங்கள் அடுப்பங்கரையில் மைனஸ் 119. நாற்பதடி தூரம்தான், நடுவில் ஒரு மச்சு வீடு நிற்கிறது. இன்னொன்று அதே மேடையில் மைனஸ் 101, ராத்திரியிலும் அழைப்பு அறுபடவில்லை. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, உங்கள் சுவருக்கு விடை வேறாக இருக்கும்.

உடனே போர்ட் செய்ய முடியவில்லை. எண் அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா போய் நாலு வருஷம். பால்காரர், கேஸ், பேங்க், சொந்தபந்தம் எல்லாரிடமும் இருப்பது அந்த எண், அதை விட அம்மாவுக்கு மனசில்லை. பெயரை மாற்றாமல் போர்ட் கேட்கவும் வழியில்லை, பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது கேட்டால் நிராகரிப்பார்கள். உங்கள் வீட்டிலும் யார் சிம் யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் உள்ள எண்களெல்லாம் தெரியும்.

அதுவரை அடுப்பங்கரையில் எடுத்த அந்தக் கம்பெனியில் அம்மா பெயரில் ஒரு புது சிம், பேச்சு மட்டும் திட்டம், இரண்டாவது துளையில். அப்பா எண்ணுக்கு வரும் அழைப்பை அதற்குத் திருப்பிவிட்டிருக்கிறோம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கடையில் கொடுத்தாகிவிட்டது. பெயர் மாறியதும் 1900-க்கு அந்த எஸ்எம்எஸ் போகும், இரண்டாவது சிம்மை நிறுத்திவிடுவோம்.

நேற்று ராத்திரி கூப்பிட்டபோது பின்னால் தோசைக்கல்லின் சத்தம் கேட்டது. “சொல்லுய்யா, கேக்கு” என்றாள்.