டர்பன் வீட்டுத் தோட்டத்துக்கு விதைச் சோம்பா, குமிழ்ச் சோம்பா?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற டர்பன் பகுதிகளில் வீட்டின் பின்புறம் ஒரு பாத்தி அளவே நிலம் உள்ள நம்மவர்கள் சோம்பு போட நினைத்தால், எந்த வகை என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். மசாலாவுக்கு விதை தரும் பெருஞ்சீரகம் ஒன்று. இலைக்காம்புகளின் அடிப்பகுதி குமிழாகத் திரண்டு காய்கறியாகும் ஃபிளாரன்ஸ் சோம்பு மற்றொன்று. தாவர இனம் ஒன்றே என்றாலும் இரண்டும் கேட்கும் இடமும் பருவமும் வேறு.

விதைச் சோம்பு ஆளுயரத்தையும் தாண்டும். செடிக்குச் செடி அரை மீட்டர் இடைவெளி வேண்டும். வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்து ஆண்டுக்கணக்கில் நிற்கும். குமிழ் வகைக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி போதும்; சுமார் மூன்று மாதங்களில் அறுவடையாகி, பாத்தியும் காலியாகிவிடும். இரண்டுக்கும் ஆணிவேர் என்பதால் நேரடி விதைப்பே நல்லது.

உண்மையான வேறுபாடு பருவத்தில்தான் இருக்கிறது. பகல் நீண்டு வெயில் ஏறும்போதோ, மண் காய்ந்துபோனாலோ, குமிழ் வகை திரளாமல் பூத்தண்டு விட்டுவிடும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் விதைத்தால், பகல் குறைந்துகொண்டே போகும் மாதங்களில் செடி வளர்ந்து, டர்பனின் மிதமான குளிர்காலத்தில் நன்றாகத் திரளும். அப்போது மழை குறைவு என்பதால் தண்ணீரை மட்டும் தவறாமல் விட வேண்டும்.

விதைச் சோம்புக்கு இந்தக் கடற்கரை அவ்வளவு இசைவானதன்று. நடுத்தண்டின் பூக்குடை (குடைபோல் விரியும் பூங்கொத்து) முதலிலும் பக்கக் கிளைகளின் குடைகள் பிறகுமாக, விதை முற்றுவது பல வாரங்களுக்கு நீளும். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான நம் மழைக்காலத்தில் அது அகப்பட்டுக்கொண்டால், குடைகள் கறுத்துப் பூசணம் பிடிக்கும். அசுவினிப் பூச்சியும் அங்கேதான் அடையும். கேப் டவுனில் மழை குளிர்காலத்தில் பெய்து கோடை வறண்டிருப்பதால், அங்கே சோம்பு சாலையோரத்தில் தானாகவே முளைத்து விதைக்கிறது. அங்குள்ள உறவினர் காயவைத்த விதையைக் காட்டிப் பெருமைப்பட்டால், அதில் வானிலைக்கும் பங்குண்டு.

ஆகவே டர்பனில் விதையைப் பச்சையாகப் பறிப்பதையே நான் வலியுறுத்துவேன். விதை பருத்து, மேல்வரிகள் தெளிவாகத் தெரிந்து, நிறம் இன்னும் பச்சையாக இருக்கும்போது ஒன்றைக் கடித்துப் பார்த்தால் இனிப்பு நாக்கில் நிற்கும், அதுவே பதம். பனி உலர்ந்த காலையில் முற்றிய குடைகளை மட்டும் நறுக்கி, நிழலில் துணிமேல் பரப்பி உலர்த்தினால் பச்சை நிறமும் மணமும் தங்கும். கடையில் வாங்கும் பழைய சோம்பில் இந்த மணம் கிடைப்பதில்லை.

குமிழ் கோழிமுட்டை அளவானதும் அடியில் மண் அணைக்க வேண்டும். கைப்பிடி அளவானதும் வேரை விட்டுவிட்டு, தரைக்குச் சற்று மேலே அறுக்க வேண்டும். அடிக்கட்டையிலிருந்து மெல்லிய தளிர்கள் வரும். அவையும் சமையலுக்கு ஆகும். அறுவடையைத் தள்ளிப்போட்டால் நாரோடிவிடும்.

ஒரே பாத்திதான் உண்டென்றால் அதைக் குமிழ் வகைக்கே கொடுப்பேன். வேலியோரம் ஒன்றிரண்டு விதைச் செடிகள் பச்சைச் சோம்புக்குப் போதும். ஆண்டு முழுவதற்குமான மசாலாச் சோம்பைக் கடையில் வாங்குவதே சரி. குமிழ் வகையிலிருந்து மறு விதைப்புக்கு விதை எடுக்க எண்ணுபவர்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் பூக்க விடக்கூடாது. ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அடுத்த தலைமுறைச் செடிகள் சரியாகத் திரளாமல் போகலாம்.